பட்டப்படிப்பும் பெட்டியடியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து மாணவர்களும் பெற்றோரும் தொழில்முனைவுப் படிப்பு பற்றியும் அதற்குப் பிறகான வழி பற்றியும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

மகள் பிளஸ் டூவில் வணிகவியல் படித்தாள். பி.பி.ஏ. சேர்ந்து தொழில்முனைவு படிக்க வேண்டும் என்கிறாள். அவள் அப்பாவோ பி.காம்.தான் கைகொடுக்கும் என்கிறார். எதில் சேர்ப்பது?
— ஒரு தாய், பள்ளத்தூர்

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது, அம்மா. பெரும்பாலான கல்லூரிகளின் பி.பி.ஏ. பாடத்திட்டத்தில் தொழில்முனைவு என்று இருப்பது ஒன்றோ இரண்டோ தாள்தான். மற்றவை சந்தைப்படுத்தல், மனிதவளம், நிர்வாகம், கொஞ்சம் கணக்கு. பி.காமில் நிதிக் கணக்கு, அடக்கவிலைக் கணக்கு, வருமான வரி, ஜி.எஸ்.டி. என்று கணக்குப் பக்கம் கனம் கூடுதல். விற்கவும் ஆள் பழகவும் வகுப்புக்கு வெளியே கற்றுக்கொள்ள முடியும். அடக்கவிலையையும் வரியையும் யாராவது உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால்தான் ஏறும். இரண்டும் ஒரே தரமான கல்லூரியில் கிடைத்தால் நாங்கள் பி.காமையே சொல்வோம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மாணவர்கள் உண்மையாகவே ஒரு பொருளைச் செய்து, காசுக்கு விற்று, அந்தக் கணக்குக்கு மதிப்பெண் வாங்கும்படி பாடம் அமைந்த பி.பி.ஏ. கிடைத்தால் யோசிக்காமல் அதில் சேருங்கள். அதைச் சேர்க்கை அலுவலகத்தில் கேட்டால் சரியான பதில் வராது. மூன்றாம் ஆண்டு மாணவிகள் இரண்டு பேரைப் பிடித்து, 'தொழில்முனைவுத் தாளுக்கு என்ன செய்தீர்கள், உள்பயிற்சிக்கு எங்கே போனீர்கள்?' என்று கேளுங்கள். 'பத்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதினோம், உள்பயிற்சிக்குச் சான்றிதழ் மட்டும் வாங்கினோம்' என்றால் அது பெயரளவுக்குத்தான். 2024–25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ. படிப்பு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அமைப்பின் கீழ் வந்துவிட்டதால் அந்த ஒப்புதல் கடிதத்தையும் பார்த்துவிடுங்கள்.

மேற்படிப்புக் கதவுகள் இரண்டிலும் திறந்தே இருக்கும். எம்.பி.ஏ., வங்கித் தேர்வு, 'ஏதேனும் ஒரு பட்டம்' கேட்கும் அரசுத் தேர்வு எதற்கும் தடை இல்லை. பின்னாளில் சி.ஏ. பக்கம் போக நினைத்தால் பி.காமில் 55 விழுக்காடு எடுத்தவர்கள் முதல்நிலைத் தேர்வு எழுதாமல் நேராக இடைநிலைக்குப் போகலாம்.

பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இதுவரை தேர்வுக்குப் படித்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. மிச்சமிருக்கும் காலத்தை எப்படிப் பயன்படுத்துவது?
— ஒரு மாணவர், புதுவயல்

நம் பக்கத்து வட்டிக்கடைகளில் ஆள் பழக்கிய முறையை நினைத்துப் பாருங்கள், தம்பி. பையனை முதலில் பெட்டியடியில் உட்கார வைப்பார்கள். தாள் எடுத்துக் கொடுப்பது, சில்லறை எண்ணுவது, தகவல் சொல்லப் போவது, குறிப்பில் பதிவது எல்லாம் அவன் வேலை. கை தேறிய பிறகே அடுத்தாள், அதற்கும் பிறகே மேலாள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வட்டித்தொழில் செய்யப் போனவர்கள், பேரேடு எழுதி ஐந்தொகை (வரவு, சொத்து, கடன் எல்லாம் சேர்ந்த முடிவுக் கணக்கு) கட்டத் தெரிந்த பிறகுதான் கப்பல் ஏறினார்கள். அந்த வரிசையில் இன்றைக்கும் பொருத்தம் இருக்கிறது.

அடுத்த விடுமுறையில் ஆறு முதல் எட்டு வாரம் ஒரு தொழிலில் சம்பளம் பேசாமல்கூட உட்காருங்கள். உங்கள் ஊரிலேயே அரிசி ஆலைகள் இருக்கின்றன. வாசலில் நின்று வேடிக்கை பார்த்தால் போதாது. மூன்று வேலைகளைக் கேட்டு வாங்குங்கள்: இருப்பு எண்ணுவது, பில் போடுவது, பாக்கி வசூலுக்குப் போவது. 100 கிலோ நெல் அரைத்தால் ஏறக்குறைய 67 கிலோ அரிசி வரும், 20 கிலோவுக்கு மேல் உமி, மிச்சம் பெரும்பாலும் தவிடு. அரிசி விற்பதில் போட்டி அதிகம், லாப விளிம்பு மெல்லியது. தவிடும் உமியும் குருணையும் என்ன விலைக்குப் போகின்றன என்பதில்தான் பல நாள் லாபமே நிற்கிறது. நெல்லின் ஈரப்பதம் இரண்டு புள்ளி கூடினால் ஆலைக்காரர் ஏன் விலையைக் குறைக்கிறார் என்பது புரிந்துவிட்டால் கொள்முதல் என்ற பாடத்தில் பாதி முடிந்தது.

அதன் பிறகு சொந்தமாகச் சிறிய விற்பனை ஒன்று. அதில் போடும் முதலீடு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தொடங்கும் முன் இருபது பேரிடமாவது பேசுங்கள். 'இதைச் செய்தால் வாங்குவீர்களா?' என்று கேட்காதீர்கள். முகத்துக்காக எல்லோரும் 'வாங்குவேன்' என்றுதான் சொல்வார்கள். 'போன மாதம் இந்த மாதிரிப் பொருள் எங்கே வாங்கினீர்கள், என்ன விலை, அதில் என்ன குறை?' என்று கேளுங்கள். நடந்ததைக் கேட்டால் உண்மை வரும். தனி வங்கிக் கணக்கு வைத்து, தேதி, சரக்கு, வாங்கிய விலை, விற்ற விலை, கடன் நிலுவை என்று ஒரே நோட்டில் எழுதுங்கள். சட்டைப்பைக் காசும் தொழில் காசும் கலந்த நாளில் கணக்கு செத்துவிடும்.

கடைசிப் பருவத்துத் திட்ட ஆய்வைப் பற்றி ஒரு வேண்டுகோள். 'வாடிக்கையாளர் திருப்தி' என்ற தலைப்பில் ஐம்பது படிவம் நிரப்பும் ஆய்வு வேண்டாம். உங்கள் விற்பனையின் அடக்கவிலையையே ஆய்வாக எழுத அனுமதி கேளுங்கள். நல்ல வழிகாட்டி மறுக்க மாட்டார். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தின் பயிற்சிகளில் எக்செல், டிஜிட்டல் சந்தைப்படுத்தல் போன்ற கையால் செய்து பழகும் பாடம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா தேன்குழலும் மணகோலமும் நன்றாகச் செய்வார். நான் பி.காம். படித்துக்கொண்டே கடைகளுக்குப் போடலாம் என்று பார்க்கிறேன். கிலோ 137 ரூபாய்தான் அடக்கம் ஆகிறது. கடைக்காரர் 250 கிராம் பாக்கெட்டுக்கு 88 ரூபாய் தருகிறார். நல்ல லாபம்தானே?
— ஒரு மாணவி, தேவகோட்டை

நீங்கள் அனுப்பியிருக்கும் தாளையே வைத்துப் பேசுவோம். ஒரு ஈட்டுக்கு (ஒரு தடவை செய்யும் அளவுக்கு) அரிசி 4 கிலோ 240 ரூபாய், உளுந்து 1 கிலோ 140, வெண்ணெய் கால் கிலோ 140, குறைகிற எண்ணெய் ஒன்றரை லிட்டர் 270, எள், பெருங்காயம், உப்பு 30. ஆக 820. ஈட்டில் 6 கிலோ வருகிறது என்று வகுத்து 137 கண்டிருக்கிறீர்கள். கூட்டல் சரி. ஆனால் கணக்கில் ஏறாதவை நிறைய.

அரவைக் கூலி 50. எரிவாயு ஒன்றரைக் கிலோ, வணிக சிலிண்டர் விலையில் ஏறக்குறைய 150. வீட்டு சிலிண்டரில் வியாபாரத்துக்குப் பொரிப்பது விதிமீறல் என்பதால் அந்த விலையைப் போடக் கூடாது. அடுத்து அம்மாவின் உழைப்பும் உங்கள் உழைப்பும். அரை நாள் ஆளுக்கு 300 என்றால் 600. வீட்டு ஆளுக்கு என்ன கூலி என்று நினைக்காதீர்கள். நாளைக்கு ஆர்டர் பெருகி வெளி ஆள் வைக்கும்போது இந்தத் தொகை கட்டாயம் வரும். அன்றைக்கு விலையை ஏற்றினால் கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

6 கிலோவில் உடைசல் 300 கிராம் போனால் 5.7 கிலோ. அதில் 250 கிராம் பாக்கெட் 22 போடலாம். பையும் லேபிளும் பாக்கெட்டுக்கு 6 வீதம் 132. இப்போது கூட்டுங்கள்: 820, 50, 150, 600, 132. மொத்தம் 1,752 ரூபாய். ஒரு பாக்கெட்டின் அடக்கம் ஏறக்குறைய 80 ரூபாய். நீங்கள் நினைத்திருந்தது 34.

கடைக்காரர் 88 தருகிறார், 110-க்கு விற்கிறார். 20 விழுக்காடு விளிம்பு இந்தச் சரக்குக்கு வழக்கமானதுதான். 22 பாக்கெட்டில் இரண்டு திரும்பி வந்தால் 20 பாக்கெட்டுக்கு 1,760 கிடைக்கும். ஒரு ஈட்டில் மிச்சம் 8 ரூபாய். பெட்ரோல் செலவு இதில் சேரவில்லை.

தொழிலை விட்டுவிடுங்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். எங்கே திருப்ப வேண்டும் என்று இந்தக் கணக்கே காட்டுகிறது. முதலில் கூலி. ஒரே அரை நாளில் இரண்டு ஈடு போட முடிந்தால் ஈட்டுக்குக் கூலி 300 ஆகும், பாக்கெட்டுக்கு 13 ரூபாய்க்கு மேல் இறங்கும். பெரிய வாணலியும் இரண்டாவது அடுப்பும் வாங்குவது லேபிளை அழகாக்குவதைவிட முக்கியம். இரண்டாவது, நேரடி விற்பனை. பத்தில் நான்கு பாக்கெட்டையாவது கல்யாண வீடு, வெளியூர் உறவினர், அலுவலகம் என்று 110-க்கே கொடுத்தால் கடை விளிம்பு கைக்கு வரும். மூன்றாவது, திரும்பி வருவதைத் தடுப்பது.

ஏன் திரும்பி வருகிறது? பெரும்பாலும் சிக்கு வாடை, இல்லாவிட்டால் நமுத்துப்போவது. சூடு ஆறுமுன் பையில் போட்டு ஒட்டினால் ஆவி உள்ளேயே தங்கி நமுத்துவிடும். முழுக்க ஆறும்வரை எண்ணெய் வடியும் தட்டில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி வையுங்கள். சிக்கு வாடைக்குக் காரணம் எண்ணெய் காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்வது. சாதாரண பாலித்தீன் பை காற்றை விடும்; பல அடுக்குப் பை வாங்குங்கள், அளவு கூடினால் நைட்ரஜன் அடைக்கும் இயந்திரத்தைப் பாருங்கள். பொரித்த எண்ணெயில் மறுபடி மறுபடி பொரிப்பது இன்னொரு காரணம். எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் (சூடாகச் சூடாக எண்ணெய் கெட்டு உண்டாகும் பொருள்கள்) 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அளக்கும் கருவி இல்லாதவர்கள் நிறம் கறுத்து, நுரை கட்டி, சீக்கிரம் புகைகிற எண்ணெயைத் தயங்காமல் ஒதுக்க வேண்டும்.

சரக்கைக் கடையில் வைக்கும் முன் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் கட்டாயம். சிறு உற்பத்தியாளருக்கான பதிவை இணையத்திலேயே செய்யலாம். லேபிளில் அந்த எண், செய்தவர் முகவரி, சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை உண்ணலாம் என்ற தேதி, அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்லும் தொலைபேசி எண் எல்லாம் வேண்டும். 'எதுவரை' என்பதை ஊகித்துப் போடாதீர்கள். ஒரே ஈட்டில் பத்துப் பாக்கெட் எடுத்து வைத்து வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்துச் சாப்பிட்டுப் பாருங்கள். எந்த வாரம் வாடை தொடங்குகிறதோ அதற்கு இரண்டு வாரம் முந்தைய தேதியைப் போடுங்கள்.

நண்பர்கள் மூவர் சேர்ந்து சட்டைத்துணி அச்சிடும் தொழில் தொடங்குகிறோம். எழுத்தில் ஒப்பந்தம் தேவையா? நட்புக்குள் அது நன்றாக இருக்குமா?
— மூன்றாம் ஆண்டு மாணவர், காரைக்குடி

தேவை. நட்பு நிலைக்க வேண்டும் என்றால் கட்டாயம் தேவை. யார் எவ்வளவு முதல் போட்டார், லாபம் என்ன விகிதம், மாதம் யார் எவ்வளவு எடுக்கலாம், காசோலையில் எத்தனை கையெழுத்து, ஒருவர் வேலை கிடைத்துப் போய்விட்டால் அவர் பங்கை எந்தக் கணக்கில் எப்போது தீர்ப்பது என்ற ஐந்தையும் முத்திரைத் தாளில் எழுதுங்கள். மாணவர் கூட்டுத்தொழில் உடைவது பெரும்பாலும் கடைசி விஷயத்தில்தான். வளாகத் தேர்வில் ஒருவருக்கு வேலை வந்ததும் அச்சு இயந்திரம் யாருக்கு என்ற சண்டை வரும். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு செய்யாத நிறுவனம் பாக்கிக்காரர் மேல் ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது. ஆகவே பதிவும் செய்துவிடுங்கள். மூவரும் 18 வயது நிறைந்தவர்களாக இருக்க வேண்டும்.

உத்யம் பதிவுக்கு ஒருவர் 2,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
— ஒரு மாணவி, கோட்டையூர்

கொடுக்க வேண்டாம். உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு. அரசின் உத்யம் தளத்தில் ஆதாரும் பான் எண்ணும் வைத்து நீங்களே செய்யலாம், கட்டணம் எதுவும் இல்லை. தேடும்போது அரசுத் தளம் மாதிரியே தோற்றம் கொண்ட தனியார் தளங்களும் வரும். பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை.

ஆத்தங்குடிக் கல் செய்யும் குடும்பம் எங்களுடையது. பட்டம் முடித்ததும் வெளிமாநிலத்துக்கு இணையம் வழியாக விற்க ஆசை. எதில் கவனம் வேண்டும்?
— மூன்றாம் ஆண்டு மாணவர், ஆத்தங்குடி

கண்ணாடித் தட்டின் மேல் வண்ணம் ஊற்றிக் கையால் செய்யும் தரைக்கல் இது. ஆலைக் கல்லைப் போல ஒரே நிறத்தில் வராது. வெளியூர் வாடிக்கையாளர் முதலில் சண்டை போடும் இடமும் அதுதான். கைபேசிப் படத்தை மட்டும் காட்டி ஆர்டர் வாங்காதீர்கள். நான்கு கல்லைக் காசு வாங்கிக்கொண்டு மாதிரியாக அனுப்பி, 'நிறத்தில் சிறு வேறுபாடு இருக்கும்' என்று எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஒரு வீட்டுக்கு வேண்டிய மொத்தத்தையும் ஒரே கலவையில், ஒரே மணலில் செய்யுங்கள்.

அளவுக் கணக்கைச் சரியாகச் சொல்லிப் பழகுங்கள். 10 அங்குலச் சதுரக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 144 வேண்டும். உடைசலுக்கும் வெட்டுக்கும் 5 விழுக்காடு சேர்த்து 152. 20 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கல் ஏறக்குறைய 2.8 கிலோ, ஆக மொத்தம் 425 கிலோ. லாரி வாடகைதான் உங்கள் விலையைத் தீர்மானிக்கப் போகிறது. சிறு ஆர்டரை வெளிமாநிலம் அனுப்பினால் வாடகை கல் விலையைத் தின்றுவிடும். குறைந்தபட்ச ஆர்டர் இத்தனை சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லைப் படுக்கையாக அடுக்காமல் நிறுத்தி, இடையில் வைக்கோலோ அட்டையோ கொடுத்து மரச்சட்டத்தில் கட்டினால் உடைசல் குறையும்.

நாள் நெருக்கடி வந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறும் நாளைக் குறைக்கத் தோன்றும். குறைத்தால் சிமெண்ட் முழு வலு பெறாது, ஓரம் உதிரும். பாதி முன்பணம் இல்லாமல் கலவை போடாதீர்கள். ஒரு வீட்டுக்கென்று செய்த வடிவத்தை இன்னொரு வீட்டுக்கு விற்பது கடினம்.

வரியில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்பவருக்கு ஆண்டு 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் இல்லை. பொதுவாக வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்புகிறவருக்கு இந்த வரம்பு உதவாது. முதல் லோடுக்கே பதிவு வேண்டும்.

படிப்பு முடிந்ததும் துணிப்பை தைக்கும் கூடம் வைக்க 5 லட்சம் கடன் வாங்கலாம் என்றிருக்கிறேன். மானியத்தோடு எந்தத் திட்டம் நல்லது?
— இறுதியாண்டு மாணவி, கண்டனூர்

சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்தில் மூன்று திட்டங்களைப் பற்றி விசாரியுங்கள். மாநில அரசின் படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் 15 லட்சம் வரையிலான திட்டங்களுக்கு 25 விழுக்காடு மானியம். 'நீட்ஸ்' என்ற மாநில அரசின் புதிய தொழில்முனைவோர் திட்டம் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பெரிய திட்டங்களுக்கு. உங்களுக்கு இப்போது பொருந்தாது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் ஊரகப் பகுதியில் பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 35 விழுக்காடு வரை வழங்குகிறார்கள், சொந்தப் பணம் 5 விழுக்காடு போதும். கூடம் ஊராட்சியில் இருக்கிறதா, மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் மானியம் மாறும் என்பதால் இடத்தை முடிவு செய்யும் முன் இதைப் பாருங்கள். வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படும். மனுப் போடும் வாரத்தில் மையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மானியம் கைக்கு ரொக்கமாக வராது, வங்கிக்குப் போய்விடும். பிரதமர் திட்டத்தில் அது மூன்று ஆண்டு வைப்பாக இருந்து, தொழில் நடந்தால்தான் கடனில் கழியும். ஆகவே மானியத்தை மறந்துவிட்டுத் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். நாலரை லட்சம் கடன், 11 விழுக்காடு வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 9,780. ஒரு பையில் எல்லாச் செலவும் போக 4 ரூபாய் நிற்கிறது என்றால் தவணைக்கு மட்டும் மாதம் 2,445 பை விற்க வேண்டும். 25 வேலை நாளில் தினம் 98 பை. அதற்கு மேல் விற்பதில்தான் உங்கள் வருமானம். அத்தனை பை வாங்கும் ஜவுளிக்கடைகள் எவை என்று பெயர் சொல்ல முடியாத நிலையில் மனுப் போடாதீர்கள்.

இந்த மனுக்களில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, கடன் ஒப்புதலாகும் முன்பே தையல் இயந்திரத்தை வாங்கிவிட்டுப் பிறகு விலைப்பட்டியல் கொடுப்பது. வங்கி அதை ஏற்காது. இன்னொன்று, 5 லட்சத்தையும் இயந்திரத்தில் போட்டுவிடுவது. ஜவுளிக்கடை 45 நாள் கழித்துத்தான் பணம் தரும். அதுவரை துணி, நூல், கூலி எதிலிருந்து வரும்? நடைமுறை மூலதனமாக இரண்டு மாதச் செலவையாவது திட்ட அறிக்கையில் சேருங்கள். கல்விக் கடன் இருந்தால் அதன் தவணையும் தவறாமல் இருக்க வேண்டும். வங்கி மேலாளர் முதலில் பார்ப்பது உங்கள் கடன் வரலாற்றைத்தான்.

தொழில்முனைவு படித்தேன், கல்லூரியில் ஒரு சிறு விற்பனையும் செய்து நிறுத்திவிட்டேன். இப்போது வேலைக்குப் போகலாம் என்றால் எங்கே, எப்படிக் கேட்பது?
— ஒரு பட்டதாரி, திருப்பத்தூர்

முதல் இடம் சிறுதொழில் கடன் கொடுக்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும். கடைக்காரரின் ஐந்தொகையைப் பார்த்து 'இவர் திருப்பிக் கட்டுவாரா' என்று சொல்லத் தெரிந்த இளைஞர்கள் அங்கே தேவை. நுகர்பொருள் விநியோகஸ்தர்களிடம் விற்பனை அலுவலர் பணி இரண்டாவது. கடை கடையாக ஏறி இறங்கிய பழக்கம் அங்கே நேராகப் பயன்படும். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பாரம்பரிய விடுதிகளில் கொள்முதலும் கணக்கும் பார்க்க ஆள் எடுக்கிறார்கள். பட்டதாரிகளுக்கான தேசியப் பயிற்சித் திட்டத்தில் ஓராண்டு உதவித்தொகையோடு சேர்வதும் நல்ல தொடக்கம்.

இரண்டு கைவேலை உடனே தேவை. டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு மாதத்துக் கணக்கை முதலிலிருந்து கடைசிவரை தனியாகப் போடத் தெரிய வேண்டும். மாதந்தோறும் தாக்கல் செய்யும் நிறுவனத்துக்கு விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவம் அடுத்த மாதம் 11-க்குள், வரி கட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி 20-க்குள் என்பது போன்ற நாட்கள் மனதில் நிற்க வேண்டும். உள்ளீட்டு வரி (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) ஏன் பொருந்தாமல் போகிறது என்றும் விளக்கத் தெரிய வேண்டும்.

தன்விவரக் குறிப்பில் 'தொழில்முனைவில் ஆர்வம் உண்டு' என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் எத்தனை மாதம் விற்றீர்கள், எத்தனை கடைக்குப் போட்டீர்கள், ஒரு பொருளின் அடக்கம், விற்ற விலை, வசூலாகாத பாக்கி எவ்வளவு என்று நான்கு வரியில் எழுதுங்கள். 'ஏன் நிறுத்தினாய்?' என்று நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள். 'படிப்புக்கு இடைஞ்சல்' என்று மழுப்பாதீர்கள். 'ஒன்றுக்கு 3 ரூபாய் நின்றது, மாதம் 400-க்கு மேல் விற்க வழி தெரியவில்லை' என்பது போல உங்கள் எண்களைச் சொல்லி, விற்பனை நோட்டையும் எடுத்து மேசையில் வையுங்கள். அதைப் புரட்டிப் பார்க்கிறவர் எந்தப் பக்கத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டாலும் விளக்கும் அளவுக்கு முந்தின நாள் இரவே ஒருமுறை படித்துக்கொண்டு போங்கள்.